ஆல்டன் பிரவுனின் இரும்புச் சட்டியும் அம்மா கொடுத்தனுப்பிய தோசைக்கல்லும்

ஒரு கேள்வி என்று எழுதியிருக்கிறீர்கள், உள்ளே மூன்று இருக்கின்றன. டெக்சாஸில் இருக்கிறீர்கள். அமெரிக்க டிவி சமையல்காரர் ஆல்டன் பிரவுனின் 'குட் ஈட்ஸ்' நிகழ்ச்சியின் பழைய எபிசோடுகளை வரிசையாகப் பார்த்து வருகிறீர்கள். மனிதர் ஸ்டேக் என்கிற தடித்த மாட்டுக்கறித் துண்டிலிருந்து கார்ன்பிரெட் என்கிற சோள ரொட்டி வரை பாதி சமையலுக்கு அந்தக் கறுப்பு வார்ப்பிரும்புச் சட்டியைத்தான் கையில் எடுக்கிறார். அதனால் அதே மாதிரி லாட்ஜ் கம்பெனியின் 12 இன்ச் ஸ்கில்லெட் (கைப்பிடி வைத்த வறுக்கும் சட்டி) ஒன்று வாங்கலாமா, ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தோசைக்கல்லே போதுமா, அதற்கெல்லாம் சோப்பு போடக்கூடாது என்கிறார்களே அது நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் நாலாவதாக ஒன்று ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. வார்ப்பிரும்பில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா, டிவியில் பார்த்ததால் வந்த ஆசையா? அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஃபவுண்டரிகளில், அதாவது இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறைகளில், 27 வருடம் வேலை பார்த்தவன். பம்ப் உறை, மோட்டார் பாடி என்று வார்த்ததுதான் அதிகம். சமையல் சட்டி வார்த்ததில்லை. சமையலை முறையாகப் படித்ததும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மட்டும் எங்கள் வீட்டில் என் பொறுப்பு. ஆகவே இரும்பைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். ருசியைப் பற்றிச் சொல்வதை ஒரு வீட்டுக்காரர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவில் இருக்கும் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியபோதுதான் பிரவுனின் நிகழ்ச்சியை நானும் பார்த்தேன். அங்கே அவர் உள்ளூர்க்காரர். ஜார்ஜியாவில் வளர்ந்தவர்.

பிரவுன் சமையல்கட்டிலிருந்து டிவிக்கு வந்தவர் இல்லை, கேமராவிலிருந்து சமையல்கட்டுக்குப் போனவர். ஆர்.இ.எம். என்ற இசைக்குழுவின் 1987ஆம் வருடப் பாட்டு வீடியோ ஒன்றுக்கு ஒளிப்பதிவு செய்தவர், விளம்பரப் படங்கள் இயக்கியவர். டிவியில் வரும் சமையல் நிகழ்ச்சிகள் எதையும் விளக்காமல் போகின்றன என்று அலுத்துப்போய், வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சமையல் கல்லூரியில் சேர்ந்து 1997ல் படிப்பை முடித்தார். 1998ல் சிகாகோவின் பொதுத் தொலைக்காட்சியில் வெள்ளோட்டம், 1999ல் ஃபுட் நெட்வொர்க் என்ற சமையல் சேனல், அங்கிருந்து 2012 வரை ஓட்டம். ஜூலியா சைல்டின் சமையல், மிஸ்டர் விஸார்டின் விஞ்ஞானப் பாடம், மான்டி பைத்தான் கோமாளித்தனம் மூன்றையும் கலந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அவர் மனதில் இருந்த திட்டம். கேமராவை ஃபிரிட்ஜுக்குள்ளும் அடுப்புக்குள்ளும் வைத்து நம்மைப் பார்த்துப் பேசுவாரே, அது அந்தக் கேமராக்காரரின் குறும்பு.

அவருடைய அணுகுமுறையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். 2002ல் வந்த அவரது முதல் புத்தகத்தில் அத்தியாயங்கள் கோழி, மீன், காய்கறி என்று பிரிந்திருக்காது. வாட்டுவது, சுடுவது, பொரிப்பது, வேகவைப்பது என்று சூட்டின் வகைப்படி பிரிந்திருக்கும். அவருக்குச் சமையல் என்றால் சாப்பாட்டுப் பொருளுக்குள் சூட்டை அனுப்பும் வேலை. எவ்வளவு சூடு, எவ்வளவு வேகமாக, எந்த வழியாக என்பது தெரிந்தால் செய்முறைக் குறிப்பு இல்லாமலே சமாளிக்கலாம் என்பது அவர் கட்சி. இப்படி யோசிக்கிற ஒருவருக்குப் பாத்திரம் என்பது சூட்டைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் உண்டியல். வார்ப்பிரும்பின் மேல் அவருக்குப் பிரியம் வந்ததற்குக் காரணம் பாட்டி காலத்து ஏக்கம் மட்டும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

'குட் ஈட்ஸ்' முதல் எபிசோடே ஸ்டேக் பற்றியதுதான். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை அங்குலம் தடித்த ரிப்-ஐ (விலாப்பகுதிக் கறி) துண்டு. வெறும் வார்ப்பிரும்புச் சட்டியை 500 டிகிரி ஃபாரன்ஹீட் 'அவன்' என்கிற பெட்டியடுப்புக்குள் வைத்து அதோடு சேர்த்துச் சூடேற்றுகிறார். நம் கணக்கில் 260 செல்சியஸ். பிறகு சட்டியை எடுத்துப் பெரிய தீயில் வைத்து, எண்ணெய் தடவி உப்பும் மிளகும் போட்ட கறியை 30 வினாடி ஒரு பக்கம், 30 வினாடி மறுபக்கம். உடனே சட்டியோடு அவனுக்குள் தள்ளி 2 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் 2 நிமிடம். முடிந்தது. நான்ஸ்டிக் சட்டியில் இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. காலிச் சட்டி 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு கெட ஆரம்பிக்கும்.

அடுப்பிலேயே சூடேற்றாமல் ஏன் அவனுக்குள் வைத்தார்? இங்கேதான் வார்ப்பிரும்பைப் பற்றிய பெரிய பொய் உடைகிறது. 'இரும்பு சூட்டை ஒரே சீராகப் பரப்பும்' என்று கடைக்காரரும் சொல்கிறார், யூடியூபிலும் சொல்கிறார்கள். நேர்மாறு. சூட்டைக் கடத்துவதில் வார்ப்பிரும்பு அலுமினியத்துக்குக் கால்பங்குதான் தேறும், செம்புக்கு எட்டில் ஒரு பங்கு. சந்தேகமிருந்தால் ஒரு நாள் செய்து பாருங்கள். சட்டியைக் காயவைக்காமல் அதில் மைதா மாவை மெல்லிசாகத் தூவி, அடுப்பைப் பெரிதாக வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பர்னரின் வளையம் அச்சடித்த மாதிரி மாவில் பழுப்பு வட்டமாகத் தெரியும். வட்டம் கறுத்துப் புகைய ஆரம்பித்த பிறகும் ஓரத்து மாவு வெள்ளையாகவே கிடக்கும். நம் வீட்டில் முதல் தோசை நடுவில் தீய்ந்து ஓரம் வெளுத்து வருவதும் இதேதான். அவனுக்குள் வைத்தால் எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சூடேறும், பர்னர் வளையத்தின் தொல்லை இல்லை. அவன் இல்லாதவர்கள் சிறு தீயில் எட்டு, பத்து நிமிடம் விட்டால் கிட்டத்தட்ட அதே பலன்.

இன்னொரு பொய்யும் உண்டு, இது நல்ல பொய், முக்கால்வாசி சரி. 'இரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும்' என்பது. கிலோவுக்குக் கிலோ வைத்துப் பார்த்தால் அலுமினியம்தான் இரும்பைப் போல இரண்டு மடங்கு சூட்டை வாங்கி வைக்கும். ஆனால் அலுமினியச் சட்டி ஒரு கிலோ கூட வராது, 10 கால் இன்ச் லாட்ஜ் சட்டி ஏறக்குறைய 2.4 கிலோ. விஷயம் அந்த எடையில் இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற கறியைப் போட்டதும் லேசான சட்டி பொசுக்கென்று சூடு இறங்கி, கறி தண்ணீர் விட்டு, வறுபடுவதற்குப் பதில் அவியும். கனமான சட்டிக்கு அந்த அடி அவ்வளவாக உறைக்காது. கறியின் மேல்புறம் பழுப்பாக மாறி மணம் வர அங்கே 140 டிகிரி செல்சியஸ் தாண்ட வேண்டும். தண்ணீர் நிற்கிற வரை 100ஐத் தாண்டாது. போட்ட வேகத்திலேயே அந்தத் தண்ணீரை விரட்டுகிற சேமிப்பு சட்டியில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். கூடவே, பழகிக் கறுத்த இரும்பு சூட்டைக் கதிராகவும் நன்றாக வீசும், பளபளக்கும் எவர்சில்வர் அதில் கஞ்சன். சட்டியைத் தொடாத பக்கவாட்டுக்கும் சூடு எட்டுவது இதனால்.

பிரவுனிடம் எனக்குப் பிடித்தது அடுத்துச் சொல்லப்போவது. 2018ல் பழைய எபிசோடுகளை எடுத்து, தான் எங்கே தவறினேன் என்று தானே திருத்தி மறுபடி வெளியிட ஆரம்பித்தார். அதில் முதலில் எடுத்துக்கொண்டதே இந்த ஸ்டேக்கைத்தான். முறையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். மிதமான அவனில் மெதுவாக உள்ளே வேகவிட்டு, கடைசியில் கொதிக்கும் சட்டியில் இரண்டு பக்கமும் ஒரு வாட்டு. முதலில் பெரிய சூட்டில் வாட்டினால் வெளிப்புறத்தில் ஒரு தடிமனுக்கு அதிகம் வெந்து சாம்பல் பூக்கும், மெதுவாகத் தொடங்கினால் உள்ளே கடைசி வரை ஒரே நிறம். இருபது வருடத்தில் முறை மாறியது, சட்டி மாறவில்லை. எங்கள் தொழிலிலும் இப்படித் தன் பழைய டிராயிங்கைத் தானே அடித்துத் திருத்துகிற ஆளைப் பார்த்தால் ஒரு தனி மரியாதை.

அவர் அந்தச் சட்டியை இத்தனைக்கும் பயன்படுத்துவதற்கு இன்னொரு காரணம் அவருடைய பழைய சண்டை ஒன்று. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் உதவும் சாமானை அவர் 'யூனிடாஸ்கர்' என்பார், கண்டாலே ஆகாது. சமையலறையில் அப்படி ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம், அது தீயணைப்பான் என்பது அவரது பிரசித்தமான வாதம். வார்ப்பிரும்புச் சட்டி அந்தப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கும். அடுப்பிலிருந்து அவனுக்குப் போகும், அவனிலிருந்து கரி நெருப்புக்குப் போகும், கோழியை நசுக்கி வாட்ட மேலே பாரமாகவும் உட்காரும். கார்ன்பிரெட்டுக்கு மாவு கலக்கும்போதே சட்டியை அவனில் காயவைத்துவிடுகிறார். சூடான இரும்பில் மாவு விழுந்ததும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும், அடிப்பக்கம் மொறுமொறுவென்று பிடிப்பது அந்த நொடியில்தான். பணியாரக் குழியில் மாவு ஊற்றுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிசையாமல் ஊறவைத்த ரொட்டி மாவை டச்சு அவன் என்கிற, மூடி போட்ட ஆழமான வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் சுடுவதையும் காட்டியிருக்கிறார். கனமான மூடி ஆவியை உள்ளேயே பிடித்து வைப்பதால் மேலோடு வெடித்துப் பளபளப்பாக வரும்.

இந்த யூனிடாஸ்கர் வாதத்தை அப்படியே நம் வீட்டுக்குள் விட்டால் இட்லிப் பானை, இடியாப்ப உரல், முறுக்கு அச்சு, பணியாரக்கல் எல்லாம் வாசலுக்குப் போய்விடும். அதில் நான் அவர் பக்கம் இல்லை. வாரம் ஆறு நாள் செய்கிற ஒரு வேலைக்குத் தனிச் சாமான் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை அன்னாசிப்பழம் சுழற்றி வெட்டுகிற கருவியைத்தான் அவர் திட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டால் சண்டை தீர்ந்துவிடும்.

இனி உங்கள் தோசைக்கல். முதலில் அது வார்ப்பா, தகடா என்று பாருங்கள். ஊர்ச் சந்தையில் 'இரும்புக்கல்' என்று விற்பவற்றில் பாதி, தகட்டை வெட்டி அடித்துச் செய்தவை. விரல் முட்டியால் தட்டுங்கள். தகடு மணி மாதிரி கணீரென்று இழுக்கும். வார்ப்பிரும்பு 'தொப்' என்று செத்த சத்தம் போடும். காரணம், சாம்பல் நிற வார்ப்பிரும்பில் 3 சதவீதத்துக்கு மேல் கரி இருக்கிறது. அதில் பெரும்பகுதி இரும்போடு சேராமல் கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து நிற்கும். அந்தச் செதில்கள் அதிர்வை விழுங்கிவிடும், லேத் இயந்திரத்தின் படுக்கையை இந்த இரும்பில் வார்ப்பதும் அதனால்தான். தகட்டுக் கல்லும் மோசமில்லை, சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும், கீழே விழுந்தாலும் நெளியுமே தவிர உடையாது. ஆனால் பிரவுன் காட்டும் அந்த 'சேமிப்பு' வேலை அதில் நடக்காது.

வார்ப்புக் கல் என்றால், விஞ்ஞானப்படி உங்களிடம் ஏற்கெனவே ஓரம் இல்லாத ஒரு ஸ்கில்லெட் இருக்கிறது. தோசை என்பதே இந்த உண்டியல் விளையாட்டுதான். தண்ணீர் தெளித்துக் கல்லின் சூட்டை ஒரு படி இறக்குகிறோம், இல்லாவிட்டால் மாவு தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு கரண்டியோடு சுருண்டு வரும். பரப்பி முடித்ததும், கல்லின் உடம்பில் மிச்சமிருக்கும் சூடு மேலே வந்து முறுகவைக்கிறது. லேசான கல்லில் தண்ணீர் தெளித்தால் மேல்புறத்தோடு முழுக் கல்லும் ஆறிவிடும். அப்புறம் தோசை எப்படி முறுகும்? அந்தக் கல்லில் ஸ்டேக், வஞ்சிரம், சேப்பங்கிழங்கு எல்லாம் வறுக்கலாம், எண்ணெய் வழியும் என்பது மட்டும்தான் இடைஞ்சல். ஆனால் தோசைக்கல்லைத் தோசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருப்பார், அதைக் கேளுங்கள். எண்ணெயே இல்லாமல் சப்பாத்தி போட்டால் கல் தோசைச் சூட்டைவிட அதிகம் ஏறும், உதிர்ந்த மாவு கருகி ஒட்டும், பழகிய மேல்பூச்சும் கொஞ்சம் எரிந்துபோகும். அடுத்த நாள் தோசை ஒட்டும். இது நான் அளந்து பார்த்துச் சொல்வதில்லை, எங்கள் வீட்டு அனுபவத்தையும் இரும்பைப் பற்றித் தெரிந்ததையும் சேர்த்து வைத்துச் சொல்வது.

அதே கிராஃபைட் செதில்கள்தான் வார்ப்பிரும்பின் பலவீனமும். செதிலின் கூர் முனையில் விரிசல் தொடங்கும். இதை 27 வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அட்லாண்டாவில் ஒரு சாயங்காலம் மீன் வறுத்து முடித்துவிட்டு, சூடு ஆறாத மகளின் சட்டியைக் குழாயடியில் காட்டினேன். டிசம்பர் மாதத் தண்ணீர். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், சுள்ளி ஒடிகிற மாதிரி. கைப்பிடி சேரும் இடத்திலிருந்து நடு வரைக்கும் முடி போல ஒரு கோடு. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. மகள் மட்டும், "அப்பா, நீங்கதானே ஃபவுண்டரி?" என்றாள். கழுவுவதாக இருந்தால் சட்டியைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலும் எடுத்த எடுப்பில் முழு பவரில் வைக்காதீர்கள், நடு மட்டும் காய்ந்து ஓரம் குளிர்ந்திருந்தால் அதே கதைதான்.

பழக்குவதைப் பற்றி ஆளுக்கொரு மந்திரம் வைத்திருக்கிறார்கள். நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவு: சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இரும்போடு ஒட்டிய கெட்டியான ஒரு படலமாக மாறுகின்றன. மரத்துக்கு வார்னிஷ் அடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எண்ணெய்ப் பசை இல்லை, தொட்டால் பிசுபிசுத்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். இதற்கு நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள எண்ணெய் நல்லது. லாட்ஜ் கம்பெனி சோயா எண்ணெய் போடுகிறது. சூரியகாந்தி, நல்லெண்ணெய் இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு மந்தம், அதில் பின்னிக்கொள்ள ஏதுவான கொழுப்பு குறைவு. ஆளி விதை எண்ணெய்தான் உசத்தி என்று சில வருடங்களுக்கு முன் இணையத்தில் ஒரு அலை அடித்தது. படலம் கண்ணாடி மாதிரி அழகாக வரும் என்பது உண்மை, ஆனால் செதில் செதிலாக உரிகிறது என்று புலம்புகிறவர்களும் ஏராளம். நான் ஒரு கல்லில் செய்து பார்த்தேன், மூன்றாம் மாதம் உரிந்தது. என் கை சரியில்லையா, எண்ணெய் சரியில்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு கல் போதாது.

செய்முறை சுலபம். சட்டியைக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் சொட்டு இல்லாமல் காயவையுங்கள். எண்ணெய் தடவுங்கள். பிறகு, தப்பாகத் தடவிவிட்டோம், எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்பது போலத் துணியால் துடையுங்கள். மிஞ்சியிருப்பதுதான் சரியான அளவு. அவனில் 230 டிகிரி செல்சியஸில் கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரம், உள்ளேயே ஆறவிடுங்கள். இரண்டு மூன்று முறை. நம் ஊரில் புதுக் கல்லைக் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு வெங்காயம் வதக்கிப் பழக்குவார்கள். ஊறப்போடுவது ஒட்டியிருக்கும் மணலையும் கறையையும் கழற்றத்தான் உதவும். படலம் வருவது வெங்காயத்தோடு ஊற்றுகிற எண்ணெயால். கடையில் துருப் பிடிக்காமல் இருக்க இயந்திர எண்ணெய் தடவி வைத்திருக்கிறார்கள் என்றால், முதல் நாள் சோப்பு போட்டு இரண்டு தடவை தேய்க்காமல் எதையும் வதக்காதீர்கள்.

ஆமாம், சோப்பு. போடலாம். அந்தக் காலச் சோப்பில் காரம் மிஞ்சியிருக்கும், அது படலத்தைத் தின்னும். 'போடாதே' என்ற விதி அப்போது பிறந்தது. இன்றைய பாத்திரம் கழுவும் திரவத்துக்கு அந்தச் சக்தி இல்லை, அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், இறுகிப்போன படலத்தை ஒன்றும் செய்யாது. பிரவுன் சூடான சட்டியில் கொஞ்சம் கொழுப்பும் கல்லுப்பும் போட்டுக் காகிதத் துணியால் தேய்ப்பதைக் காட்டுவார். நல்ல முறை, உப்பு தேய்ப்பானாக வேலை செய்யும், ஒட்டியது வரும். ஆனால் மீன் வாடை அதில் போகாது, அதற்குச் சோப்புதான். படலத்துக்கு உண்மையான எதிரிகள் மூன்று பேர்: ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போடுவது, டிஷ்வாஷர், அப்புறம் ஊரில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா கையில் இருக்கும் கம்பி நார். மூன்றாமவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, கல்லை ஒளித்து வைப்பதுதான் வழி.

புளிப்பு விஷயத்தில் மட்டும் கவனம். தக்காளியைச் சட்டியில் ஒரு வதக்கு வதக்கி எடுத்தால் ஒன்றும் ஆகாது. புளிக்குழம்பை அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் படலம் தேயும், குழம்பில் இரும்பு வாடை அடிக்கும். வாழைப்பூ, கத்திரிக்காய் போன்ற துவர்ப்புள்ள காய்கள் இரும்போடு சேர்ந்து கறுக்கும், அது விஷமில்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. இரும்புச் சத்து ஏறுமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஏறும். 1986ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில், இரும்புச் சட்டியில் சமைத்த பல உணவுகளில் இரும்பு கூடியிருந்தது, புளிப்பும் ஈரமும் உள்ளவற்றில் மிக அதிகம். ஆனால் நன்றாகப் பழகிய கல்லில் இரண்டு நிமிடம் வேகும் தோசைக்கு அதே அளவு ஏறும் என்று எதிர்பார்க்க முடியாது. படலம் நடுவில் நிற்கிறது, நேரமும் குறைவு. ரத்தசோகைக்குச் சட்டியை மருந்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது டாக்டர் வேலை. உடம்பில் இரும்பு அதிகம் தங்கும் நோய் உள்ளவர்களும் ஒரு வார்த்தை அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

லாட்ஜ் பற்றி. டென்னசி மாநிலத்தில் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் 1896ல் ஜோசப் லாட்ஜ் தொடங்கிய ஃபவுண்டரி அது. 1910ல் முதல் பட்டறை எரிந்துபோய், பக்கத்திலேயே மறுபடி கட்டினார்கள். 2002லிருந்துதான் பழக்கிய சட்டியாகவே விற்கிறார்கள், அதற்கு முன் வாங்குகிறவர்தான் பழக்க வேண்டும். மேல்புறம் சொரசொரப்பாக இருப்பதைப் பார்த்துக் குறை சொல்லாதீர்கள், அது மணல் அச்சின் தடம். கிரிஸ்வோல்ட், வாக்னர் என்ற பழைய அமெரிக்கக் கம்பெனிகளின் சட்டிகளை வார்த்த பிறகு உள்பக்கம் தேய்த்து வழவழப்பாக்கி விற்றார்கள், அதனால் இன்று பழைய சாமான் சந்தையில் அவற்றுக்கு ஏக கிராக்கி. வழவழப்பில் முட்டை கொஞ்சம் சுலபமாக நழுவும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கறி வறுப்பதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தோசைக்கு மட்டும் வழவழப்பான கல்தான், சொரசொரப்பில் கரண்டி ஓடாது.

ஆகவே, வாங்குங்கள், ஆனால் 12 இன்ச் வேண்டாம். அது ஏறக்குறைய 3.6 கிலோ, உள்ளே கறியும் எண்ணெயுமாக நாலரைக்கு மேல் போகும். அவனிலிருந்து ஒரு கையால் இழுக்கும்போது மணிக்கட்டு சொல்லும். வீட்டு பர்னரால் அதன் ஓரத்தைக் காயவைக்கவும் முடியாது. இரண்டு மூன்று பேருக்கு 10 கால் இன்ச் தாராளம். கடைக்குப் போய்க் கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, நீட்டிய வாக்கில் பத்து எண்ணும் வரை தூக்கிப் பாருங்கள். உங்கள் அடுப்பு கண்ணாடி மேல்பலகை என்றால் சட்டியை இழுக்காமல் தூக்கி வையுங்கள். முதல் இரண்டு வாரம் எண்ணெய் விட்டு வறுக்கிற வேலையாகவே கொடுங்கள், உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, கோழித் தொடை. தக்காளித் தொக்கு ஒரு மாதம் கழித்து. அம்மாவின் கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.